அப்பாவைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை

வாசகி கேள்வி:

எங்கள் வீடு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில். அப்பா திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1974-இல் இங்கே வந்து, ஜாலஹள்ளி எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகு வீட்டோடு இருந்தார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அப்பாதான் என்றே சொல்லலாம். ஸ்கூலில் விடுவது, கூட்டிவருவது, சோறு ஊட்டுவது, தந்தி பேப்பரை வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர். போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 73.

வருஷத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவு செய்தோம். எழுதும் பொறுப்பு என் தலையில். உட்கார்ந்தால் 'அன்பானவர், கடமை தவறாதவர், யாரையும் கடிந்து பேசாதவர்' என்று நாலு வரி வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. துபாயில் இருக்கும் அண்ணன் ஏஐயிடம் கேட்டு இரண்டு பக்கம் வாங்கி அனுப்பினார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாருடைய அப்பாவோ மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சின்னவளாக இருந்தபோது அப்பா எங்களோடு பேசியதே குறைவு. ஷிஃப்ட் முடித்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். 'படிச்சியா?' என்று கேட்பார், அவ்வளவுதான். அதே மனிதர் என் பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடியதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வரும். இதை எழுதலாமா? எழுதினால் அவருக்குத் துரோகமா?

பையனுக்கு 11 வயது. இதுவரை அழவே இல்லை, காலையில் அடிக்கடி வயிற்று வலி என்கிறான். பெண்ணுக்கு 6 வயது, தாத்தா எப்போ வருவார் என்று இன்னமும் கேட்கிறாள். அம்மா அவர் பீரோவைத் திறக்க விடுவதில்லை. 'வருஷம் திரும்பப் போகுது, இனி அடுத்த வேலையைப் பாருங்க' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நாங்கள் எங்கே தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாலு வரியில் நின்றுபோனதற்குக் காரணம் உங்கள் பாசம் குறைந்ததல்ல. 'அன்பானவர்' என்று முதலிலேயே எழுதிவிட்டால் அதற்கு மேல் எங்கே போவது? உங்கள் தெருமுனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பாருங்கள். போட்டோவை மட்டும் மாற்றினால் ஒருவர் பேனர் இன்னொருவருக்குப் பொருந்திவிடும். அண்ணனுக்கு வந்த இரண்டு பக்கமும் அதே சரக்குதான், கொஞ்சம் நீளமாக. பாவம், அந்த இயந்திரத்துக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. உங்களுக்கும் அவரைப் பாதிதான் தெரியும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

அதனால் எழுதுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு விசாரிக்கப் போங்கள். உங்களுக்குத் தெரியாத அப்பாவைத் தேடிப் போக இந்த மலர் ஒரு நல்ல சாக்கு. சாதாரண நாளில் ஒருவர் வீட்டுக்குப் போய் 'எங்கப்பா எப்படி இருப்பார், சொல்லுங்க' என்று கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். திதிக்கு மலர் போடுகிறோம் என்றால் உட்காரவைத்து காபி கொடுத்துச் சொல்வார்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. பெங்களூரு என்ற பெயர் எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய இடம் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள ஒரு நடுகல். 9-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, பழைய கன்னடத்தில் எழுதியது. பெங்களூர்ச் சண்டையில் இன்னார் செத்தார் என்கிறது. அவ்வளவுதான் செய்தி. 'பண்பாளர், பாசமிக்கவர்' என்று மட்டும் வெட்டி வைத்திருந்தால் ஆயிரத்து நூறு வருஷம் கழித்து அந்தக் கல்லிலிருந்து நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. நம் பழைய தமிழ் இலக்கணமும் நடுகல் எடுப்பதை ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் கண்டெடுப்பது முதல் படி. வாழ்த்துவது ஆறாவது. நீங்கள் ஆறாவதிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள்.

சரி, எங்கே தேடுவது?

உங்கள் கடிதத்தில் அப்பா வாட்ச் ஃபேக்டரியில் இருந்தார் என்று இருக்கிறது. எந்த செக்‌ஷனில் என்று இல்லை. உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு அசெம்ப்ளியில் உட்கார்ந்தவரா, ஆயில் வாடையோடு மெஷின் பக்கத்தில் நின்றவரா, செய்து முடித்ததைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவரா? இதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் சொல்லும் 'பேசாத அப்பா'வே வேறு மாதிரி தெரியக்கூடும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் ஹேர் ஸ்பிரிங் ஊதினால் பறக்கிற சாமான். அதை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலையென்றால், கையும் மூச்சும் அடங்கியிருக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி இருந்தவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார் என்றால், அந்த மௌனத்துக்குக் காரணம் நீங்கள் நினைத்துக்கொண்டதாக இல்லாமலும் இருக்கலாம். மெஷின் சத்தத்தில் நின்றவர் என்றாலும் அப்படித்தான். அவருக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மையில் காரணம் வேறாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

அந்த ஃபேக்டரி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா என்று அங்கிருந்து வந்த கடிகாரங்களைக் கட்டாத அரசு ஊழியரோ, கல்யாணத்தில் பரிசாக வாங்காத மாப்பிள்ளையோ ஒரு காலத்தில் அபூர்வம். 2016-இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. உங்கள் அப்பாவோடு சேர்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். சிலர் மத்திகெரெ, யஷ்வந்த்பூர், தாசரஹள்ளிப் பக்கமே இருக்கக்கூடும், சிலர் சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்களைத் தேடுவதுதான் இந்த வேலையில் முதல் அவசரம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

அவர்களிடம் 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'தங்கமான மனுஷன்மா' என்ற பதில்தான் வரும், மறுபடி பேனருக்கே வந்துவிடுவீர்கள். சின்னதாகக் கேளுங்கள். கம்பெனி பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவார்? கேன்டீனில் யாரோடு சாப்பிடுவார்? அவருக்குப் பட்டப்பெயர் ஏதாவது இருந்ததா? சம்பள நாளில் நேராக வீட்டுக்கு வருவாரா, வழியில் எங்காவது நிற்பாரா? எதற்குக் கோபப்பட்டார்? யாரிடமாவது கடன் வாங்கினாரா, யாருக்காவது கொடுத்துத் திரும்ப வராமல் போனதா? வி.ஆர்.எஸ். எழுதிக்கொடுத்த அன்று என்ன பேசினார்? உங்களைப் பற்றி அங்கே என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். வீட்டில் 'படிச்சியா?' என்று மட்டும் கேட்ட எத்தனையோ அப்பாக்கள், பிள்ளையின் மார்க்கை ஷிஃப்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் அதை அப்பாவின் சாவு வீட்டில்தான் முதல்முறை கேள்விப்படுகிறார்கள்.

1991 டிசம்பரைப் பற்றியும் கேளுங்கள். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூருவில் கலவரம் நடந்து, தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்கள். உங்களுக்கு அப்போது ஏழெட்டு வயது இருந்திருக்கும். அந்த வாரம் அப்பா ஷிஃப்டுக்குப் போனாரா? போனால் யாரோடு போனார், எந்த வழியாகத் திரும்பினார்? கூட வேலை பார்த்த கன்னடக்காரர் யாராவது வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாரா? ஊருக்கே போய்விடலாம் என்று அம்மாவும் அவரும் பேசிக்கொண்டார்களா? அந்த நாட்களைப் பெரியவர்கள் பிள்ளைகள் காதில் விழாமல் பேசி முடித்திருப்பார்கள். இருந்துவிடலாம் என்று அவர் அன்றைக்கு எடுத்த முடிவில்தான் இன்றைக்கு நீங்கள் ஸ்ரீராமபுரத்தில் உட்கார்ந்து எனக்கு எழுதுகிறீர்கள். அதை மலரில் சேர்க்காமல் எதைச் சேர்ப்பது?

இனி, துரோகமா என்று கேட்டீர்களே, அது. இல்லை.

'எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அப்பா உயிரோடு இருக்கிற வரி அதுதான். பெங்களூருவில் பி.இ.எல்., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஃபேக்டரிகளை நம்பி வளர்ந்த வீடுகளில் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் வளரும் வயதில் அப்பாவுக்கு ஷிஃப்டும் ஓ.டி.யும். அவர் கைக்கு நேரம் வந்தபோது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அதற்காக 'உனக்குக் கொடுக்க முடியாததை உன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார், கணக்குச் சரியாகிவிட்டது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். கணக்கு அப்படி நேராவதில்லை. நீங்கள் இப்போது இரண்டு துக்கத்தைச் சேர்த்துச் சுமக்கிறீர்கள். ஒன்று அப்பா போன துக்கம். இன்னொன்று, என்றைக்காவது அவர் நம்மோடும் அப்படி உட்கார்ந்து பேசுவார் என்று உள்ளே ஒரு சின்னப் பெண் காத்துக்கொண்டிருந்தாளே, அந்தக் காத்திருப்பு முடிந்துபோன துக்கம். இரண்டாவதை யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அதனால்தான் அது பொறாமை என்ற பெயரில் வெளியே வருகிறது.

எழுதுங்கள். ஆனால் தீர்ப்பாக எழுதாதீர்கள். 'என் அப்பா பாசத்தை வெளிக்காட்டத் தெரியாதவர்' என்பது தீர்ப்பு. 'என்னிடம் படிச்சியா என்று கேட்பார். என் மகனுக்கு யானையாகி முதுகில் ஏற்றிக்கொண்டார்' என்பது நடந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒன்றை இன்னொன்றால் சமாதானப்படுத்த வேண்டாம், படிக்கிறவர்களுக்குப் புரியும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுண்டினால் அந்தப் பக்கத்தை மலரிலிருந்து எடுத்து உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதன் பலன் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான்.

தாத்தா இறந்தால் பெரியவர்கள் என்ன சொல்வோம்? வயதானவர், பேரன் பேத்தி பார்த்துவிட்டார், படுக்கையில் கிடக்காமல் போனார், நல்ல சாவு. நமக்கு அது ஆறுதல். உங்கள் பையன் கணக்கில் நடந்தது வேறு. காலையில் கை பிடித்துக் கூட்டிப்போனவர், சாயங்காலம் கேட்டில் நின்றவர், சாதம் பிசைந்து கொடுத்தவர் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டார். வளர்த்தவரை இழந்த பிள்ளை அவன். வீட்டில் எல்லோரும் அதை 'தாத்தா தவறிட்டார்' என்ற அளவில் வைத்திருக்க, அவனும் அந்த அளவுக்குள் அடங்கப் பார்க்கிறான்.

வயிற்று வலிக்கு முதலில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, வலி எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். காலையில் என்கிறீர்கள். தாத்தா கூட்டிப்போன நேரம் அது. துக்கம் பிள்ளைகளுக்கு வயிற்று வலியாக, தலைவலியாக, படிப்பில் கவனமின்மையாக, சின்ன விஷயத்துக்குக் கோபமாக வரும். கண்ணீராக வரவேண்டும் என்று கட்டாயமில்லை. காலையும் மாலையும் அந்த இரண்டு நேரத்தில் கொஞ்ச நாளைக்கு நீங்களோ கணவரோ மாறி மாறிக் கூட இருக்க ஆபீசில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரே ஆள், தினமும் அதே ஆள், கேட்டில் நிற்கட்டும். கிளாஸ் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மாரடைப்பில் திடீரென்று போனதால் அவன் மனதில் வேறொன்றும் ஓடலாம். 'நான் அன்றைக்கு அவரை ஓடவைத்தேன், அதனால்தானா?' என்கிற மாதிரி. பிள்ளைகள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அவன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: தாத்தாவின் இதயத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது, அதற்கு நீயோ நாங்களோ செய்த எதுவும் காரணம் இல்லை.

அன்றைக்கு அவன் நெய்ப்பந்தம் பிடித்தானா? பிடித்திருப்பான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு யாராவது அதைப் பற்றி அவனிடம் பேசினீர்களா? கையில் நெருப்பைக் கொடுத்துத் தாத்தாவைச் சுற்றிவரச் சொன்ன ஒன்றை விளக்கமில்லாமல் விட்டுவிட்டால், அது அவனுக்குள் என்னவாக இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 'அன்னைக்கு உனக்கு பயமா இருந்துச்சா?' என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு சும்மா இருங்கள். 'அம்மா முன்னாடி அழக்கூடாது, பாட்டியை நீதான் பார்த்துக்கணும்' என்று ஏதாவது மாமாவோ சித்தப்பாவோ அவன் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தால், அதையும் ரத்து செய்துவிடுங்கள். பாட்டியைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. நீங்களும் அவன் எதிரில் அழுவதில்லை என்று வைத்திருந்தால், அதையும்.

மலரில் அவனுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். 'தாத்தாவைப் பற்றி எழுது' என்றால் அவனும் உங்களைப் போல நாலு வரியில் நின்றுவிடுவான், ஸ்கூல் கட்டுரை மாதிரி. அதற்குப் பதிலாக ஸ்கூலிலிருந்து வீடு வரை தாத்தாவோடு நடந்துவந்த வழியை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். எங்கே ரோட்டைக் கடப்பார்கள், எந்த அய்யங்கார் பேக்கரியில் நிற்பார்கள், பேக்கரியில் என்ன வாங்கிக்கொடுத்துவிட்டு 'அம்மாகிட்ட சொல்லாதே' என்பார், எந்த நாயைக் கண்டால் யார் பயப்படுவார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். வரைந்து முடித்ததும் ஒரு நாள் அந்த வழியே இரண்டு பேரும் நடந்து வாருங்கள். பேக்கரிக்காரரிடம் அவனே கேட்கட்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் அவனுக்கு எழுத வருமென்றால் அப்படியே எழுதட்டும், அப்படியே அச்சிடுங்கள். தமிழ் மலரில் கன்னடப் பக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும். அவன் தந்தி பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்த தலைப்பு ஒன்றை மட்டும் அவன் கையால் தமிழில் எழுதவையுங்கள்.

ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யின் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கடிகாரங்கள், மெஷின்கள், ஃபேக்டரிப் படங்கள் எல்லாம் அங்கே உண்டு. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு அவனைக் கூட்டிப் போங்கள். தாத்தா வேலை பார்த்தார் என்றால் அவனுக்கு இதுவரை அது வெறும் வார்த்தை.

சின்னவள் கேட்பது வேறு கேள்வி. செத்தவர் திரும்ப மாட்டார் என்பது பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிள்ளைகளுக்கு மெல்லப் பிடிபடும். அவள் இப்போது அந்த நடுவழியில் இருக்கிறாள். சாமியிடம் போயிருக்கிறார், தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் அவள் கேட்பதில் தப்பே இல்லை. ஊருக்குப் போனவர் திரும்பத்தானே வேண்டும்? தூங்குகிறார் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ராத்திரி தூங்கப் பயப்படுவதும் உண்டு. நேராகச் சொல்லுங்கள்: 'தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. அவர் திரும்ப வரமாட்டார். எனக்கும் அவரைப் பார்க்கணும் போல இருக்கு.' நாளைக்கும் கேட்பாள், இதையே சொல்லுங்கள். சாமி நம்பிக்கை உள்ள வீடென்றால் அதையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் இதைச் சொன்ன பிறகு. மலரில் அவளுக்கும் பாதிப் பக்கம் உண்டு. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

அப்பாவின் பீரோவை அம்மா விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். திறக்க அவசரம் ஒன்றுமில்லை. 'நீங்களா எடுத்துக் காட்டணும்னு தோணுற ஒரு சாமானை மட்டும் காட்டுங்கம்மா' என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் அதை வைத்துப் பேச்சு நீளும். வராவிட்டால் பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், படத்தில் யார் யார் என்று சொல்ல வைத்தாலே பாதி மலர் வந்துவிடும். ஒன்று கவனியுங்கள். முதல் வருஷம் முழுக்கப் பண்டிகை கொண்டாடாமல், மாதாமாதம் திதி என்று ஊர் அம்மாவுக்குத் துணை நிற்கிறது. வருஷத் திதி முடிந்த மறுநாள் எல்லோரும் முடிந்தது என்று போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற மாதங்களில்தான் அவர் இன்னும் சோர்ந்துபோகக்கூடும். மலர் விழா முடிந்தது என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வேலையைப் பாருங்கள் என்று சொல்கிற சொந்தக்காரர்களைக் கோபிக்க வேண்டாம். மேல்நாட்டு உளவியலும் ரொம்பக் காலம் அதைத்தான் சொன்னது. போனவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்று ஃப்ராய்டு 1917-இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1996-இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள், உறவு அறுவதில்லை, வேறு உருவில் தொடர்கிறது, அப்படித் தொடர்வது நோயும் இல்லை என்று எடுத்துவைத்தார்கள். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த வடையை வைக்கிற நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கைவேலையாகச் சில சொல்கிறேன். பீரோவுக்குள் அப்பாவின் போனும் இருந்தால், அதை மட்டும் அம்மாவிடம் கேட்டு வாங்கி சார்ஜ் போடுங்கள். மாதக்கணக்கில் தீர்ந்து கிடந்தால் பேட்டரி கெட்டுப்போகலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நீக்கப்பட்டுவிடும், ஆனால் அந்த போனுக்குள் ஏற்கெனவே இருப்பவை ஆப்பை நீக்காத வரை அங்கேயே இருக்கும். அதனால் எதையும் அழிக்காமல், ரீசெட் செய்யாமல், முதலில் படங்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். அவர் உங்களுக்கும் அண்ணனுக்கும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் உங்கள் போன்களிலேயே இருக்கும். 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா' என்பதாக இருந்தாலும் சேமித்துவையுங்கள். ஒட்டுகிற தாள் உள்ள பழைய ஆல்பங்களில் போட்டோ வருமென்றால் மட்டும் எடுங்கள், ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் ஆல்பத்தோடு படம் பிடியுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். யாரிடமாவது பேசிப் பதிவு செய்யும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்திவிடுங்கள், பெங்களூரு குளிருக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எப்போது என்னைப் போன்றவர்களிடம் வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனால் வருஷம் கடந்தும் பெரியவர்களுக்கும், ஆறு மாதம் கடந்தும் பிள்ளைகளுக்கும், ஏறக்குறைய தினமும் அதே தீவிரத்தோடு ஏக்கம் இருந்து, சாப்பாடு, தூக்கம், வேலை, படிப்பு எதுவும் நகரவில்லை என்றால், அதை நீடித்த துக்க நோய் என்று இப்போது மருத்துவம் தனியாக அடையாளம் காண்கிறது. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இது 2022-இல் சேர்க்கப்பட்டது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. பையனின் வயிற்று வலி நான் சொன்னதையெல்லாம் செய்தும் குறையாவிட்டால், அவன் ஸ்கூலுக்கே போக மறுத்தால், அம்மாவோ நீங்களோ 'அவர் போன இடத்துக்கே போய்விடலாம்' என்று பேசினால், காத்திருக்காதீர்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416 எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

திதிக்குள் மலர் முடியாவிட்டால் தலை போகாது. அன்றைக்குப் பையனின் வரைபடத்தை மட்டும் நகலெடுத்து வந்தவர்களுக்குக் கொடுங்கள், மீதி அடுத்த வருஷம் வரட்டும். அண்ணனின் இரண்டு பக்கத்துக்காக அவரோடு சண்டை வேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஃபேக்டரி நண்பர்கள் இரண்டு மூன்று பேரின் நம்பரைத் தேடிப் பிடித்து, மேலே நான் எழுதிய கேள்விகளைத் துபாயிலிருந்து போனில் அவர் கேட்கட்டும். மகன் கேட்டால் அவர்கள் சொல்வது ஒரு மாதிரி இருக்கும், மகள் கேட்டால் இன்னொரு மாதிரி. இரண்டையும் எழுதி வையுங்கள்.